சிவப்புத் தட்டு

என் கையெழுத்து கொஞ்சம் மோசம், மேடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று வாத்தியார் நோட்டைத் தூக்கிப் போடுவார். அதனால் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதுகிறேன். எங்காவது புரியாவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். நீங்களாக எதையும் ஊகித்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி லேபில் சாம்பிள் எண்களைக் கையால் கணினியில் ஏற்றும் அக்காவைப் பத்தொன்பது நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். பெயின்டர் ஒருவர் இறந்துபோனதற்குத் தான் தவறாக அடித்த ஓர் எண்தான் காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்களும் நம்பிவிட்டீர்கள். உங்கள்மேல் தப்பு இல்லை, ஒப்புக்கொள்பவரை யார் சந்தேகப்படுவார்கள். ஆனால் அந்த எண்ணை அவர் தொடவே இல்லை. செய்தது நான். நீங்கள் கூப்பிடாமலே நான் வந்தது அதைச் சொல்லத்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், லேபில் எல்லோருக்கும் அக்கா. ஸ்கேனர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை, எனக்கு அங்கே ‘பீப்’ என்று பெயர். ஸ்கேனர் ஒரு டியூபைப் படித்து முடித்ததும் பீப் என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் வராவிட்டால் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள், அதனால் வந்த பெயர். வீட்டில் கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

ஒரு நாளைக்கு இரண்டாயிரம் டியூப் ரத்தம் எங்கள் லேபுக்கு வரும். ஒவ்வொன்றின் மேலும் கறுப்புக் கோடுகள் போட்ட லேபிள் ஒட்டியிருக்கும். டியூபுகள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும்போது ஸ்கேனரின் லேசர் அந்தக் கோடுகள்மேல் ஓடும். வெள்ளை இடம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கறுப்பு விழுங்கிவிடும். அதை வைத்து எண்ணைக் கண்டுபிடித்து, இது இன்னாருடைய ரத்தம் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் நர்ஸ் அவசரத்தில் லேபிளைக் கோணலாக ஒட்டுவார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டியூப் வியர்த்துப்போய் வரும். லேபிள் அடிக்கும் பிரின்டரில் ஒரு புள்ளி செத்துப்போனால் எல்லா லேபிளிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று விழும். காலை ஒன்பதரைக்குக் கிழக்கு ஜன்னல் வெயில் நேராக இரண்டாவது ஸ்கேனர்மேல் அடிக்கும்.

இதையெல்லாம் சமாளிக்கத்தான் ஸ்கேனருக்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் புத்தியைக் கொடுத்திருக்கிறார்கள். அச்சு மங்கலாக இருந்தால் பார்வையைக் கூர்மையாக்கிக்கொள்ளும். வெளிச்சம் அதிகமானால் குறைத்துக்கொள்ளும். எதுவரை கறுப்பு, எதிலிருந்து வெள்ளை என்ற எல்லையை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்துப் பார்க்கும். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டை நாம் கண்ணைச் சுருக்கிப் படிப்பதில்லையா, அதேதான். ஆனால் அது ஒரு நொடிக்குள் நூறு முறை சுருக்கும். பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

எவ்வளவு சரிசெய்துகொண்டாலும் இரண்டு பூட்டை மட்டும் அது தொடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்று, ஒரே எண் தொடர்ந்து மூன்று முறை கிடைத்தால்தான் அதை ஏற்க வேண்டும். இரண்டு, எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைக் கூட்டிப் பெருக்கி வரும் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் படித்தது தப்பு என்று அர்த்தம். இரண்டு பூட்டில் எது திறக்காவிட்டாலும் அந்த டியூபைப் பெல்ட் ஓரமாகத் தள்ளிவிடும். அது போய் விழும் இடத்துக்குத்தான் சிவப்புத் தட்டு என்று பெயர். அக்கா அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு டியூபாக எடுத்து, கோடுகளுக்குக் கீழே சின்னதாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் கையால் அடிப்பார். வெளி கிளினிக்குகளிலிருந்து கோடு இல்லாமல் பேனாவால் எழுதி வரும் டியூபுகளும் தினமும் முப்பது இருக்கும். அதுவும் அவர் பாடுதான்.

தினமும் காலை எட்டரைக்கு லேப் டாக்டர் எங்களை நிற்கவைத்து ஒரே கேள்வி கேட்பார். “நேத்து சிவப்புல எத்தனை, பீப்?” நாற்பது என்பேன், ஐம்பத்திரண்டு என்பேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நர்ஸ் ஒட்டியது கோணல் என்று நான் சொன்னால் அது சாக்கு. பிரின்டர் சரியில்லை என்றால் அதுவும் சாக்கு. ஒரு நாள் ஒரு குழந்தையின் டியூப் சிவப்புத் தட்டில் ஐம்பது டியூபுக்கு அடியில் மாட்டி, ரிப்போர்ட் இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டது. குழந்தையின் அப்பா நேரே உள்ளே வந்து என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நான் ஒரு நாயைப் போல இரண்டு அடி அவர் பின்னால் போனேன். லேப் டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வரவில்லை.

நான் கோபப்படவில்லை, மேடம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஸ்கேனரின் புரோகிராமில் சில வரிகளைச் சேர்த்து எழுதினேன்.

அந்த வரிகள் என்ன செய்யும் என்றால், ஸ்கேனர் எல்லா வழியிலும் முயன்று தோற்றுப்போனால், முதல் பூட்டைக் கொஞ்சம் இளக்கும். மூன்று முறைக்குப் பதில் இரண்டு முறை போதும். அதற்கும் மசியாவிட்டால் ஒரு முறை. அதுவும் இல்லாவிட்டால் கடைசி இலக்கக் கணக்கைப் பார்க்க வேண்டாம். எந்த அளவில் படிக்க முடிந்ததோ அந்த அளவை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த டியூபை அதிலிருந்தே ஆரம்பிக்கும். இளகிய பிறகு மறுபடி இறுகு என்று ஒரு வரியும் எழுதினேன். அதைச் சேர்த்து ஓட்டிய அன்று சிவப்பில் முப்பத்தொன்று விழுந்தது. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

இதை மறதி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு மறதி கிடையாது.

ஒன்பதாவது நாள் சிவப்புத் தட்டு காலி. ஆறு ஸ்கேனரிலும் பீப் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. லேப் டாக்டர் தட்டைத் தலைகீழாகப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். கை தட்டினார்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன், கல்யாணத்தன்று கூட அவ்வளவு இல்லை. அக்காவும் கை தட்டினார். பிறகு நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது பின்னாலேயே வந்தார்.

“தம்பி, ஒண்ணுகூடத் திரும்பி வரலையே.”

“நல்லதுதானேக்கா. உங்களுக்கும் வேலை குறையும்.”

“நல்லதுதான். ஆனா தெரியலைன்னு எப்பவாச்சும் ஒரு தடவை சொல்லணும்ல? ஒட்டுறது மனுஷங்கதானே.”

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அக்காவுக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பு. ஆனால் ஒரு எண்ணை அடிக்கும் முன் டியூபை இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார், அடித்த பின் ஒரு தடவை பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த ரகம். வேலை குறைந்ததும் கை சும்மா இருக்க முடியாமல், ஸ்கேனர் ஏற்கெனவே படித்த டியூபுகளை எடுத்து, எண்ணைக் கையால் அடித்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். டியூபில் ஓர் எண், திரையில் வேறோர் எண். இரண்டு இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் அந்த வேறு எண்ணும் அன்று ஒரு நோயாளிக்குக் கொடுத்திருந்த எண். ஒரு கிழவரின் சிறுநீரக ரிப்போர்ட் கல்லூரிப் பையன் ஒருவன் பெயருக்குப் போயிருந்தது.

“டாக்டர்கிட்டச் சொன்னா உன்னையத் திட்டுவாரு. அதான் உன்கிட்ட முதல்ல சொல்றேன்” என்றார்.

இந்த ஒரு டியூபை வைத்து ஆறு ஸ்கேனரையும் நிறுத்திவிடுவார்கள். மறுபடி ஐம்பது, மறுபடி எட்டரை மணிக் கேள்வி. நான் நிதானமாக யோசித்தேன். கையால் அடிக்கும்போது முந்நூறுக்கு ஒன்று தப்பு வரும். என் ஸ்கேனரில் முப்பதாயிரத்துக்கு ஒன்று. இந்த ஒன்றுக்குப் பயந்து அந்த நூறுக்குத் திரும்பிப் போவதுதான் உண்மையான குற்றம். இப்போதும் என் கருத்து அதுதான். நீங்கள் கணக்குத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அக்காவைக் கிழவரின் ரத்தத்தை மறுபடி சோதனைக்குப் போடச் சொல்லி அனுப்பினேன். அவர் போன நேரத்தில் கணினியில் அந்த எண்ணுக்கு நேரே இருந்த கட்டத்தைத் திறந்தேன். எண் எப்படி உள்ளே வந்தது என்று அதில் இருக்கும். ஸ்கேனர் அல்லது கை, இரண்டே சாத்தியம். ‘ஸ்கேனர்’ என்பதை ‘கை’ என்று மாற்றினேன். லேபில் கையால் அடிப்பவர் அக்கா ஒருவர்தான் என்பதால் பக்கத்துக் கட்டத்தில் அவருடைய பெயர் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை நான் அடிக்கவில்லை.

அவர் திரும்பி வந்ததும் திரையைக் காட்டினேன்.

“அக்கா, இது நீங்க அடிச்சதுன்னு காட்டுதே.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நானா? சிவப்புத் தட்டுல வந்துச்சா இது? எனக்கு ஞாபகமே இல்லையே தம்பி.”

“மிஷின் படிச்சதையும் எடுத்து அடிச்சுப் பார்க்கிறீங்க. எல்லாம் ஞாபகம் இருக்குமா?” என்றேன். “விடுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொன்னார். அந்த நன்றி எனக்குச் சங்கடமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், எதையும் மறைத்ததாக இருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு நான் பொறுப்பாக ஓர் ஏற்பாடு செய்தேன். ஒரே ஒரு முறை படித்து ஏற்றுக்கொண்ட எண்களையெல்லாம் தனியாக ஒரு பட்டியலாக என் திரைக்கு வரவைத்தேன். நேரம் கிடைக்கும்போது அந்த டியூபுகளைத் தேடி எடுத்துச் சரிபார்ப்பேன். தப்பு இருந்தால் மறுபடி சோதிக்க வைத்து ரிப்போர்ட்டைத் திருத்துவேன், கட்டத்தில் ‘கை’ என்று மாற்றி அக்காவுக்கும் காட்டுவேன். கிழவருடையதையும் சேர்த்து நான்கு மாதத்தில் பத்து. ஒருவருக்கு இரண்டு நாள் வேண்டாத மருந்து போனது. ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டுப் படுக்கவைத்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அக்காதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப்போனார். மூன்றாவது தப்புக்குப் பிறகு கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினார். ஐந்தாவதுக்குப் பிறகு ஒரு பூதக்கண்ணாடி. எண்ணுக்குக் கீழே ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்தார்கள், ஒண்ணாங்கிளாஸ் என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்னிடம் கேட்டார், “தம்பி, எனக்கு மூளைல ஏதாச்சும் ஆயிடுச்சா? உண்மையைச் சொல்லு.”

“வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்கா” என்றேன்.

ஏழாவதுக்குப் பிறகு வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அது சரியாக வராது என்று எனக்கு உடனே புரிந்தது. வேறு ஆள் வரும்வரை, கையால் அடிக்க ஆளே இல்லாத லேபில் எந்த எண்ணையும் ‘கை’ என்று மாற்ற முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு. முன்னறையில் தையல் மிஷின், அவர் கணவர் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, துணிக் குவியலை ஒதுக்கி உட்கார இடம் செய்தார்.

“என்னால யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு” என்றார் அக்கா. “படுத்தா கண்ணுக்குள்ள நம்பரா ஓடுது.”

“நான் இருக்கேன்லக்கா. நீங்க அடிச்சதை எல்லாம் நான்தானே பார்த்துக்கிறேன்?”

அவர் கணவர், “தம்பியே இவ்வளவு தூரம் வந்து சொல்றாரு. போ, போய் வேலையைப் பாரு” என்றார்.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அக்கா உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து அவள் முதுகுக்குக் கொடுத்தார். வரும் வழியில் என் மனைவி, “நீங்க நல்ல மனுஷன்” என்றாள். திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் என் மனைவியின் ரத்தம் எங்கள் லேபுக்கு வந்தது. அதைப் பற்றி நீங்கள் கேட்கப்போவதில்லை, யாருக்கும் தெரியாது. இருந்தாலும் முழுசாகச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தபின் விட்டுவிடக் கூடாது. டியூபை நர்ஸிடமிருந்து நானே வாங்கினேன். பெல்ட்டில் வைக்கவில்லை. லேபிளில் குறை ஒன்றும் இல்லை, நேராக ஒட்டி, அச்சு பளிச்சென்று இருந்தது. அதை உள்ளங்கையில் மூடி எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்து, “இதை நீங்க கையால அடிங்கக்கா” என்றேன்.

அவர் பயந்துவிட்டார். “வேணாம் தம்பி, நம்ம வீட்டுப் பொண்ணோடது. நான் ஏதாச்சும் தப்பா அடிச்சிட்டா? மிஷின்லயே போட்டுடு.”

“பரவால்ல. நீங்களே அடிங்க.”

ஸ்கேலை வைத்து, ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி அடித்தார். முடித்ததும் என்னைப் படித்துச் சரிபார்க்கச் சொன்னார். அப்புறம் திரும்பவும் ஒரு தடவை அவரே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நான் அவரை நம்புகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அது பாசம். பாசம் வேறு, கணக்கு வேறு. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இனி பெயின்டர். அவரை நான் பார்த்ததில்லை. சாரத்திலிருந்து விழுந்து கால் நசுங்கி மூன்றாம் மாடி வார்டில் இருந்தார் என்று பிறகுதான் தெரியும். நசுங்கிய சதையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து ஏறிக்கொண்டே போகுமாம். அவர் டியூப் இன்னும் பெல்ட்டுக்கே வரவில்லை, ஸ்டாண்டில் காத்திருந்தது. வாந்தியும் பேதியுமாகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் டியூப் அதற்கு முன் போனது. குளிரில் வியர்த்த டியூப், சுருங்கிய லேபிள், வெயில் நேரம். இரண்டாவது ஸ்கேனர் தன்னை இளக்கிக்கொண்டு ஒரே முறையில் படித்தது. பெயின்டரின் எண்ணாகப் படித்தது. அந்தப் பெண்ணுக்குப் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருந்தது. அந்த ரிப்போர்ட் பெயின்டர் பெயரில் மூன்றாம் மாடிக்குப் போயிற்று. பொட்டாசியம் குறைந்தவருக்கு அதை ஊசி வழியே ஏற்றுவார்கள். கூடிப்போனவருக்கு ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

அந்த எண்ணை என் பட்டியலில் பதினொன்று இருபதுக்குத்தான் கவனித்தேன். பதினொன்று இருபத்தைந்துக்கு டியூபைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன். ரிப்போர்ட்டின் அளவையும் பார்த்தேன், பக்கத்தில் சிவப்பில் எச்சரிக்கைக் குறி இருந்தது. என் மேஜையில் போன் இருந்தது. மூன்றாம் மாடி வார்டுக்கு நான்கு இலக்கம் அழுத்தினால் போதும்.

நான் முதலில் கட்டத்தைத் திறந்து ‘கை’ என்று மாற்றினேன். போன் செய்தால், உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள் இல்லையா. கட்டத்தில் ‘ஸ்கேனர்’ என்று இருக்கும்போது கேட்டால் நன்றாக இருக்காது. அன்று கணினி மந்தமாக இருந்ததால் அதற்கு ஆறு நிமிடம் ஆனது. பிறகு, முதல் தடவை போல அக்காவே கண்டுபிடித்துச் சொன்னதாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. டியூபை அவர் மேஜையில், அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். அவர் பதிவு அறைக்குப் போயிருந்தார். வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். பதினொன்று ஐம்பதுக்கு வார்டில் ஏற்ற ஆரம்பித்தார்கள். அக்கா பன்னிரண்டு பத்துக்கு வந்தார், டியூபைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், எழுந்து ஓடினார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினார் என்று சொன்னார்கள். ஐம்பத்து மூன்று வயது அவருக்கு.

அவர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பெயின்டரின் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு, “நான்தாம்மா தப்பா அடிச்சேன், நான்தான்” என்றாராம். அதைத்தான் உங்களிடமும் சொன்னார்.

நான் கல் மனசுக்காரன் இல்லை. உள்ளே போய் அவரை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை, தன் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றேன். “அவசரப்படாம அடிக்கச் சொல்லு தம்பி. ரெண்டு தடவை திருப்பிப் பார்க்கச் சொல்லு” என்றார். தையல்காரர் வெளியே சுவரோரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார், அவளுக்காக வருவது நீங்கள் ஒருவர்தான் என்றார். எனக்கு மனசு கனத்துப்போனது. ஆனாலும் அப்போது உங்களிடம் வரவில்லை. ஸ்கேனர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முந்தாநாள் உங்கள் விசாரணை அறிக்கையின் பிரதியை எனக்குக் கொடுத்தனுப்பினீர்கள். இயந்திரம் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தரச் சொன்னீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்துக்கு வந்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. “மேற்கண்ட பதினோரு சாம்பிள்களையும் ஸ்கேனர் படிக்கத் தவறியதால், அவை கையால் பதிவு செய்யப்பட்டுள்ளன. படிக்கத் தவறும் இயந்திரங்களை அகற்றுமாறு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.” அதே வாக்கியத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நேற்று காலை நிர்வாகத்தின் ஆட்கள் வந்து ஆறு ஸ்கேனரையும் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். லேப் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “பூஜ்யம் பூஜ்யம்னு சொன்னியே பீப், பதினொண்ணு திரும்பி வந்திருக்கே” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மனதறிந்து செய்ததை எல்லாம் மேலே எழுதிவிட்டேன். பூட்டைத் திறந்தது நான். கட்டத்தை மாற்றியது நான், பதினோரு முறை. போனைப் பார்த்துக்கொண்டே எடுக்காதது நான். பெயின்டரின் சாவுக்கு என்னைப் பிடிக்கலாம், நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் என் ஸ்கேனர்கள் எந்த டியூபையும் படிக்கத் தவறவில்லை. பதினொன்றையும் படித்தன. ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

இந்தத் தாள்களில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, கவனித்திருப்பீர்கள். கையெழுத்து இல்லாவிட்டால் அக்காவை வெளியே விட மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான்காம் பக்கத்தில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, ‘ஸ்கேனர் அனைத்தையும் படித்தது’ என்று திருத்தி அச்சடித்துக் கொண்டுவாருங்கள். பார்த்துவிட்டுப் போட்டுத் தருகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை மேடம், ஒரு வாரம் பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை. அக்கா பொறுமைசாலி, இருப்பார்.